ஆறாவது ஆணி

அந்த ஷெட்டுக்குள் நுழைகிற யாருக்கும் முதலில் கண்ணில் படுவது சுவர்தான். வேலை மேசைக்கு மேலே ஒரு பலகை, பலகையில் வரிசையாக ஆறு ஆணி, ஆணிக்கு ஒன்றாக ஆறு சிவப்புத் துணி. கை துடைக்கிற துணி என்று நினைத்து யாராவது தொட்டுவிட்டால் போச்சு, மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்திருந்தாலும் அங்கிருந்தே கத்துவார்.

"அது தொடைக்கிற துணி இல்லீங்க! வைங்க, அப்படியே வைங்க!"

விஷயம் இதுதான். இன்ஜினில் எந்தப் பைப்பைக் கழற்றினாலும், எந்த மூடியைத் திறந்தாலும், திறந்த வாயில் ஒரு துணியைச் சுருட்டித் திணித்துவிடுவார். திறந்த வாய்க்குள் மண் விழும், நட்டு விழும். சுண்டுவிரல் நகம் அளவு வாஷர் ஒன்று உள்ளே போனாலும் இன்ஜின் காலி. வேலை முடிந்ததும் ஒவ்வொரு துணியாக உருவி ஆணியில் மாட்டுவார். ஆறும் மாட்டிய பிறகுதான் சாவியைத் திருப்புவார். முப்பது வருஷமாக இதே வழக்கம். அதனால் ஊரே அவரை 'ஆறாணி' என்றது. மற்றவர்கள் கிண்டலாகத்தான் ஆரம்பித்தார்கள். அவரோ அதைப் பட்டம் கொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டு, போனை எடுத்தாலே "ஆறாணி பேசுறேன்" என்பார். மனுஷனுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

துணிகளைத் தைப்பது அவர் மனைவி. பழைய சிவப்புப் படுக்கை விரிப்பைச் சதுரம் சதுரமாக வெட்டி, நூல் பிரிந்து இன்ஜினுக்குள் போய்விடக் கூடாது என்று நாலு ஓரமும் மடித்து, வெள்ளை நூலால் நெருக்கமாகத் தையல் போட்டுக் கொடுப்பாள். வாரத்துக்கு ஒரு தடவை துவைத்தும் கொடுப்பாள். "உங்க இன்ஜினுக்குக் கெடைக்கிற கவனிப்பு எனக்குக் கெடச்சா நான் ராணிங்க" என்று சொல்லிக்கொண்டேதான் துவைப்பாள்.

அந்த மனைவியின் தம்பி ஒரு டிரைவர். ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா ஒருவரிடம் பதினோரு வருஷமாக வண்டி ஓட்டினான். அதிகம் பேச மாட்டான். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஆயில் பார்ப்பான், தண்ணீர் பார்ப்பான், டயரை உதைத்துப் பார்ப்பான். ஓட்டும்போது ரோட்டில் ஒரு கண், முன்னால் சூடும் பெட்ரோலும் காட்டுகிற முட்களில் ஒரு கண். டாக்டரம்மாவே சொல்வாராம், "என் ப்ரெஷர நான் பாக்குறதவிட என் வண்டி ப்ரெஷர இவர் அதிகமாப் பாக்குறார்" என்று. அவன் சொல்லித்தான் அந்த வண்டி ஆறாணியிடம் வந்தது. மச்சினன் கொண்டுவந்த வண்டி, அதுவும் டாக்டர் வண்டி. ஆறாணி அதற்குத் தனி மரியாதையே வைத்திருந்தார்.

ஒரு நாள் வாட்டர் பம்ப் ஒழுகுகிறது என்று வண்டி வந்தது. சாதாரண வேலை. பழைய பம்பைக் கழற்றி, பைப் வாய்களில் துணியைத் திணித்து, புதுப் பம்பைப் போட்டு, பைப்புகளை மாட்டி கிளிப்பை இறுக்கிவிட்டார். சாயங்காலம் டாக்டரம்மாவே வண்டியை எடுத்துப்போக வந்துவிட்டார். வந்தவர் கண்ணில் சுவர் பட்டது.

"இது எதுக்கு?"

ஆறாணிக்குக் கேட்கவா வேண்டும்! முழுக் கதையும் சொன்னார். கேட்டுவிட்டு டாக்டரம்மா சிரித்தார்.

"அட, நாங்களும் இதேதாங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் உள்ள வச்ச துணிய எல்லாம் எண்ணுவோம். எண்ணிக்கை சரியா வந்தாத்தான் வயித்தத் தைப்போம்."

"ஒண்ணு கொறஞ்சா?"

"தைக்கவே மாட்டோம். நீங்க?"

"ஸ்டார்ட்டே பண்ண மாட்டேம்மா."

சொல்லிக்கொண்டே உருவி வாளியில் போட்டிருந்த துணிகளை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. வாளி காலி. ஆறாவது ஆணி வெறும் ஆணியாக நீட்டிக்கொண்டு நின்றது.

டாக்டரம்மா பார்த்துக்கொண்டே நிற்கிறார். மச்சினனும் நிற்கிறான். பக்கத்துக் கடைக்காரர் வேறு டீ கிளாஸோடு வேடிக்கை பார்க்கிறார். முப்பது வருஷத்துப் பேச்சை அந்த நிமிஷம்தான் வாய் நிறையப் பேசி முடித்திருக்கிறார். இப்போது போய் "ஒண்ணைக் காணோம்மா, மறுபடி எல்லாத்தையும் கழட்டணும்" என்று எப்படிச் சொல்வது? துவைக்கப் போட்டதில் மாட்டியிருக்கும் என்று அவருக்கு அவரே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். மேசை டிராயரில் மனைவி கூடுதலாகத் தைத்துக் கொடுத்த புதுத் துணி ஒன்று இருந்தது. ஏதோ ஸ்பேனர் தேடுகிற மாதிரி டிராயரைத் திறந்து, அதை எடுத்து, ஆறாவது ஆணியில் மாட்டினார்.

"சரியா இருக்கா?" என்றார் டாக்டரம்மா.

"கரெக்டா இருக்கும்மா" என்று சாவியைத் திருப்பினார்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "துவைக்கிற துணியில நம்ம சிவப்பு ஒண்ணு இருக்கா பாரு" என்றார். அவள் பார்த்தாள். "இல்லீங்களே. நீங்க இந்த வாரம் எதுவும் தரவே இல்லையே?"

"சரி சரி. ஒண்ணு எங்கயோ போச்சு. டிராயர்ல இருந்தத எடுத்துட்டேன். இன்னொண்ணு தச்சு வை."

அவ்வளவுதான். காற்றில் பறந்திருக்கும், யாராவது எடுத்துப் போயிருப்பார்கள் என்று விட்டுவிட்டார். நமக்குப் புரிகிறது, துணி எங்கே இருக்கிறது என்று. அவருக்கா புரியாது? புரிந்துகொள்ள அவருக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை.

இரண்டு வாரத்தில் மச்சினன் வந்தான்.

"அத்தான், வண்டி சூடாகுது. டவுனுக்குள்ள ஓட்டினா ஒண்ணுமில்ல. பெரிய ரோட்டுல எண்பதத் தாண்டினா சூட்டு முள் ஏறுது. நிறுத்திட்டா கொஞ்ச நேரத்துல எறங்கிடுது."

ஆறாணி வண்டியை ஷெட்டில் நிறுத்தி முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். முள் நடுவில் நின்றது, நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "என்ன மாப்ள, என் கண்ணு முன்னாடி நல்ல பிள்ளையா நிக்குது!" என்று சிரித்தார். ஆனாலும் சூடேறினால் தண்ணீருக்கு வழி திறக்கிற தெர்மோஸ்டாட்டை மாற்றிக் கொடுத்தார். பத்து நாளில் மறுபடி வந்தான். ரேடியேட்டரை இறக்கி, கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து, மூடியையும் புதிதாகப் போட்டார். ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்தார். ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரி. மறுபடியும் வந்தான்.

சூடாகிற வண்டிக்கு எதையெல்லாம் பார்க்க வேண்டுமோ அதையெல்லாம் பார்த்தார். ஒன்றே ஒன்றைத் தவிர. ரேடியேட்டரிலிருந்து பம்புக்கு வருகிற கீழ்ப்பைப்பை ஒவ்வொரு தடவையும் ரேடியேட்டர் பக்கம் மட்டும்தான் கழற்றினார். பம்ப் பக்கம் அவர் கையால் மாட்டியது. தான் செய்த வேலையைத் தானே சந்தேகப்படுவதா என்ன? அந்தக் கிளிப்பில் அவர் ஸ்குரூ டிரைவர் படவே இல்லை.

மூன்றாவது தடவை மச்சினன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். ஷெட்டில் அப்போது வேறு நாலு பேர் இருந்தார்கள்.

"அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து ரோட்டோரம் நிறுத்தி பானெட்டத் தெறந்து வச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டர் கம்பிய இழுத்துப் பாத்தேன். கீழ இருக்கிற ரப்பர் பைப்பு சப்பிப் போகுது. விட்டா மறுபடி உப்பிக்குது. அதுக்குள்ள ஏதாச்சும்..."

ஆறாணிக்குச் சுருக்கென்றது. நாலு பேர் முன்னால் ஒரு டிரைவர் அவருக்கு இன்ஜின் பாடம் எடுப்பதா!

"மாப்ள, நீ ஸ்டியரிங்கப் பிடி. ஸ்பேனர நான் பிடிக்கிறேன். நாளைக்கு உங்க டாக்டரம்மாவுக்கும் எங்க வெட்டணும்னு நீயே சொல்லிக்கொடுப்ப போல இருக்கே!"

நாலு பேரும் சிரித்தார்கள். மச்சினனும் சிரித்தான். சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த வாரம், வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் அவசரமாக ஓர் ஆபரேஷன். டாக்டரம்மாவை ஏற்றிக்கொண்டு பெரிய ரோட்டில் போகும்போது வண்டி கொதித்துப் புகை கக்கி நின்றுவிட்டது. டாக்டரம்மா ரோட்டோரத்தில் முக்கால் மணி நேரம் நின்று, கடைசியில் ஒரு சரக்கு லாரியில் ஏறிப் போனார். நல்ல வேளை, அங்கே இருந்த வேறு டாக்டர் ஆரம்பித்துவிட்டதால் நோயாளி பிழைத்தார். வண்டியைக் கட்டி இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆறாணி திறந்து பார்த்தார். சூட்டில் இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்திருந்தது, அதன் அடியில் இருக்கிற கேஸ்கெட் போயிருந்தது.

"முள் சிவப்பத் தொடல அத்தான்" என்றான் மச்சினன். "நடுவத் தாண்டினதுமே ஓரம் கட்டிட்டேன். சத்தியமா."

அப்போதுதான் டாக்டரம்மாவின் போன் வந்தது.

"இதோ பாருங்க, நாலாவது தடவை. ஒரு உயிர் போயிருக்கும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். தப்பு வண்டியிலயா, ரிப்பேர்லயா, ஓட்டினதுலயா?"

ஆறாணி ஷெட்டுக்கு வெளியே வந்து நின்று பேசினார். தெரியலம்மா என்று சொல்லியிருக்கலாம். இன்னும் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் அவரைக் கேட்காமலே பேசிற்று.

"ரிப்பேர்ல ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் புதுசு. தண்ணி கொறஞ்சதப் பாக்காம ஓட்டியிருப்பாங்க. முள் ஏறும்போதே நிறுத்தியிருந்தா ஹெட்டு வளையாது."

டாக்டரம்மா, "அவர் நிறுத்தினேன்னுதான் சொல்றார். ஆனா ஆறு துணிய எண்ணாம ஸ்டார்ட் பண்ணாதவர் நீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அன்று மாலையே மச்சினனுக்கு வேலை போயிற்று. ஹெட்டையும் கேஸ்கெட்டையும் சரிசெய்து ஆறாணி வண்டியை அனுப்பினார், அப்போதும் அந்தக் கிளிப்பைத் தொடவில்லை.

இன்ஜினைச் சுடவைத்தவன் என்று பேர் வந்துவிட்டால் டிரைவருக்கு எவன் வண்டி கொடுப்பான்? நாலு இடம் ஏறி இறங்கினான். கடைசியில் ஒரு துணிக்கடையின் கார் நிறுத்துமிடத்தில் விசில் ஊதுகிற வேலை. மற்றவர்கள் வண்டியை ரிவர்ஸ் எடுக்க, இவன் "வாங்க வாங்க, போதும்" என்று கை காட்டினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, தன் காரைக் கொஞ்சம் நிழலில் தள்ளி நிறுத்தித் தர முடியுமா என்று சாவியை நீட்டினார். இருபதடி தூரம். அவன் சாவியை வாங்கவில்லை.

"வேற யாரையாச்சும் கேளுங்களேன்" என்றான்.

"டேய், இது என்னடா?" என்றாள் அக்கா.

"வேணாங்கா. எனக்கு இப்ப முள் பாக்கத் தெரியல. அன்னைக்கு சிவப்பத் தொடலேன்னு நான் பாத்தேன். அத்தான் இல்லேங்கிறார், அப்ப நான் எதப் பாத்தேன்? கண்ணே பொய் சொல்லுதோ என்னவோ." பிறகு ஆறாணியின் பக்கம் திரும்பி, "உங்க மேல எனக்கு வருத்தமே இல்ல அத்தான். நீங்க தெறந்து பாத்துச் சொன்னீங்க. தப்பு எங்கிட்டதான் இருக்கும்" என்றான்.

திட்டியிருந்தால் ஆறாணி தாங்கியிருப்பார். பதிலுக்கு நாலு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். இப்போது பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மாவின் வண்டி மறுபடி ஷெட்டுக்கு வந்தது. தெரிந்தவர்கள் அனுப்பிய தற்காலிக டிரைவர் ஒருவர் ஓட்டி வந்தார். மீசையும் செல்போனுமாக இருந்தார்.

"கொதிக்குதுங்க. நான் வந்த முதல் நாள்லேர்ந்தே இதே கதைதான். எண்பதத் தாண்டினா ஏறுது. அதனால அறுபதுக்கு மேல போறதே இல்ல. டாக்டரம்மா என்னைத் திட்டுறாங்க" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார்.

அதே வார்த்தை, எண்பது என்பது உட்பட. ஓட்டுகிற ஆள் மாறியாயிற்று, நோய் மாறவில்லை. அப்படியென்றால் நோய் ஆளிடம் இல்லை.

இனி யாரிடம் வீம்பு காட்டுவது? ஷெட்டில் யாரும் இல்லை. பானெட்டைத் தூக்கினார். இன்ஜினை ஓடவிட்டு, நன்றாகச் சூடேறியதும் ஆக்ஸிலேட்டர் கம்பியைக் கையால் பிடித்து இழுத்தார். இழுத்தபடியே குனிந்து கீழ்ப்பைப்பைப் பார்த்தார். பைப் சப்பிப் போனது. கம்பியை விட்டார். பைப் உப்பியது. மறுபடி இழுத்தார். மறுபடி சப்பியது. மச்சினன் நாலு பேர் முன்னால் சொன்னானே, அதே மாதிரி. பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது, பைப்புக்குள் ஏதோ ஒன்று வழியை மறிக்கிறது. மெதுவாக ஓடினால் அது ஓரமாக ஒதுங்கித் தண்ணீருக்கு வழி விடும். வேகம் எடுத்தால் இழுபட்டு வளைவில் போய் அடைத்துக்கொள்ளும்.

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, தண்ணீரை வடித்தார். அத்தனை நாள் தொடாத கிளிப்பைத் தளர்த்தினார். பைப்பை உருவி, மூக்கு நீண்ட பிளையரை உள்ளே விட்டு இழுத்தார். வழவழவென்று, கறுப்பும் பழுப்புமாக வெந்துபோய், அது வந்தது. மேசையில் வைத்துப் பிரித்தார். நாலு ஓரமும் மடித்துத் தைத்திருந்தது. துணியின் நிறம் போயிருந்தது, தையல் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அவ்வளவு நெருக்கமாகத் தைத்திருக்கிறாள்.

ஆறாணி நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். ஆறு ஆணியிலும் ஆறு துணி தொங்கியது. சே, என்ன மனுஷன் நான் என்று வாய்விட்டே சொன்னார்.

சொன்னார், சரி. அடுத்து என்ன செய்தார் தெரியுமா? மரத்தடியை எட்டிப் பார்த்தார். மீசைக்காரர் இன்னும் போனில் சிரித்துக்கொண்டிருந்தார். துணியைப் பிழிந்து, மடித்து, பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார். புதுப் பைப்பை மாட்டினார். பெரிய ரோட்டில் நூறு வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். முள் நடுவில் நின்றது. டாக்டரம்மாவின் போன் வந்ததும், "பைப்பு போயிருந்துச்சும்மா, மாத்திட்டேன்" என்றார்.

"நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் டாக்டரம்மா.

தொடையில் அந்தத் துணியின் ஈரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அது வீடு வரைக்கும் காயவில்லை.

மறுநாள் காலை டீயோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் துணி ஊறவைத்துக்கொண்டிருந்த மனைவி, ஈரக்கையோடு சந்தோஷமாக ஓடி வந்தாள்.

"அட, காணாமப் போன நம்ம சிவப்புத் துணிங்க இது! பேன்ட் பாக்கெட்ல இருந்துச்சு. பாருங்க, என் தையல்தான். கருகிப் போய்க் கெடக்கே, எங்க இருந்துச்சு?"

பொய் சொல்ல எத்தனையோ இடம் இருந்தது. குப்பையில் கிடந்தது, அடுப்படியில் கிடந்தது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டுதானே இருக்கிறாள்.

"டாக்டரம்மா வண்டியில" என்றார்.

"வண்டியிலன்னா? சீட்டுக்கு அடியிலயா?"

"இன்ஜினுக்குத் தண்ணி போற பைப்புல. பம்ப் மாத்தின அன்னைக்கே உள்ள விட்டுட்டேன். சூடானது எல்லாம் அதனாலதான்."

அவள் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்லக் கேட்டாள். "அப்ப தம்பி?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவன் தண்ணி பாக்காம ஓட்டினான்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க சொன்னதாலதானே அவனத் தொரத்தினாங்க? மூணு மாசமா வெயில்ல நின்னு விசில் ஊதுறான். உங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வரல. அன்னைக்கு நீங்க துணி இருக்கா பாருன்னு கேட்டீங்க, நான் இல்லேன்னு சொன்னேனே. அப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியாது."

"தெரியும்."

"...தெரியும்" என்றார்.

அவள் அழவில்லை. துணியைப் பிழிந்து அவர் மடியில் வைத்தாள். "போங்க. குளிக்க வேணாம், சட்டை மாத்த வேணாம். இப்பவே போங்க. நீங்களாப் போனா மரியாதை. இல்லேன்னா நான் போவேன்."

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பதினேழாம் நம்பர். பக்கத்தில் இருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார். "உள்ள ஒண்ண விட்டுட்டேங்க" என்று ஆறாணி சொல்ல, அவருக்கு ஒன்றும் விளங்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே போனதும் துணியை மேசை மேல் வைத்தார். தொடங்கியது முதல் முடிந்தது வரைக்கும், டிராயரைத் திறந்தது உட்பட, ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுத் துணியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு எண்ணினப்ப அஞ்சுதான் இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"நான் நின்னுட்டிருந்தேன். அதனால சொல்ல உங்களுக்கு வெட்கமா இருந்துச்சு."

"ஆமாம்மா."

"அவ்வளவுதானா காரணம்?"

அவ்வளவுதான். அதைவிடப் பெரிதாக ஒரு காரணம் இருந்திருக்கக் கூடாதா என்று அந்த நிமிஷம் ஆறாணி ஏங்கினார். எவ்வளவு தேடினாலும் அது ஒன்றுதான் கையில் வந்தது.

"பதினோரு வருஷமா என்னக் கூட்டிட்டுப் போனவர்" என்றார் டாக்டரம்மா. குரல் உயரவில்லை. "அவர ஒரு வார்த்தை உட்கார வச்சுக் கேட்கல நானு. உங்க ஆணியப் பாத்துட்டு உங்களை நம்பினேன். என் தப்ப நான் அவர்கிட்ட பேசிக்கிறேன். வண்டி வெளிய நிக்குது, சாவி அவருக்காக ரிசப்ஷன்ல இருக்கும். அவரக் கூப்பிட்டுட்டு வாங்க. இனிமே என் வண்டிக்கு வேற மெக்கானிக் பாத்துக்கறேன்."

"சரிம்மா" என்று எழுந்தார். இதுவும் நியாயம்தான் என்று பட்டது.

துணிக்கடைக்கு நடந்தே போனார். மச்சினன் ஒரு வெள்ளை வண்டிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். அத்தானைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "என்ன அத்தான் இந்த நேரத்துல? அக்கா நல்லாருக்கால்ல?" என்று பதறினான்.

"அக்கா நல்லாருக்கா. மாப்ள, நீ சொன்னியே, அந்தப் பைப்பு."

"எந்தப் பைப்பு?"

துணியை நீட்டினார். "இது உள்ள இருந்துச்சு. நான் விட்டது. உம்மேல ஒரு தப்பும் இல்ல. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். என்னை அடிச்சாக்கூட வாங்கிக்கிறேன்."

அவன் துணியைக் கையில் வாங்கினான். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவன் திரும்பவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அப்ப முள் சிவப்பத் தொடலதானே அத்தான்? நான் பாத்தது சரிதானா?"

"சரிதான். உள்ள அடச்சுக்கிட்டா முள் சிவப்பத் தொடுறதுக்குள்ள கொதிச்சுடும். நீ பாத்தது எல்லாம் சரி மாப்ள."

அவன் துணியை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தான். கோபப்படுவான், கத்துவான் என்று எதிர்பார்த்து நின்றார். அவன் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக் காவல் கூண்டில் வைத்துவிட்டு, "போலாம்" என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் அவனும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஆறாணிக்குத் தெரியாது. அவர் வெளியே நின்றார். திரும்பி வரும்போது அவன் கண் சிவந்திருந்தது, கையில் சாவி இருந்தது. "பெரிய ரோட்டுல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வரச் சொன்னாங்க" என்றான். "நீங்களும் வாங்க அத்தான்."

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவன் ஆயில் பார்த்தான், தண்ணீர் பார்த்தான், டயரை உதைத்துப் பார்த்தான். வண்டியை எடுத்தான். பெரிய ரோடு வந்தது. நாற்பதில் போனான். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத் தாண்டிப் போனார்கள்.

"எண்பதுக்குப் போ மாப்ள. ஒண்ணும் ஆகாது, நான் நேத்து நூறுல ஓட்டினேன்."

அவன் காலை அழுத்தினான். ஐம்பது, அறுபது.

"அத்தான், முள் எங்க நிக்குது?"

"உன் கண்ணு முன்னாடிதானே இருக்கு."

"இருக்கு. பாத்தேன். நீங்க பாத்துச் சொல்லுங்க."

ஆறாணி அவன் பக்கமாகச் சாய்ந்து பார்த்தார். "நடுவுல."

எழுபது. "இப்ப?"

"நடுவுலதான்."

எண்பது. "இப்ப அத்தான்?"

வண்டியில் கோளாறு எதுவும் பாக்கி இல்லை. பம்ப் புதுசு, பைப் புதுசு, ரேடியேட்டர் சுத்தம். அவர் கழற்றிப் போட்டதில் இன்னும் மாட்டாமல் இருப்பது இதோ பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறது. இதற்கு எந்த ஸ்பேனர் என்று அவருக்குத் தெரியவில்லை. முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல், "நடுவுல இருக்கு மாப்ள, நீ ஓட்டு" என்றார். போகும்போதும் கேட்டான், திரும்பும்போதும் கேட்டான். எத்தனை தடவை கேட்டான் என்று ஆறாணி எண்ணவில்லை. கேட்ட தடவையெல்லாம் குனிந்து பார்த்துச் சொன்னார்.